பாடக்குறிப்பு எழுதும் முன்: புதிய ஆசிரியர்களுக்குக் கல்வித் தத்துவம்

ஆறாம் வகுப்பில் படித்த 12 வயதுப் பையன் ஒருவன். 5/10 என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.5 என்று எழுதுவான். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டினால் 15, நடுவில் ஒரு புள்ளி வைத்தால் 1.5. இதுதான் அவன் வைத்திருந்த விதி. அதே விதிப்படி 4/11, 11/4 இரண்டுக்குமே அவனுக்கு 1.5தான் விடை. அது அவனை உறுத்தவே இல்லை. இவ்வளவுக்கும், கணக்கில் நன்றாக முன்னேறி வருகிறவன் என்றுதான் அவனுடைய ஆசிரியர் நினைத்திருந்தார். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அந்தப் பையனோடு உட்கார்ந்து பேசி, கண்டதை 1973இல் கட்டுரையாக எழுதினார்.

அந்தப் பள்ளியில் கணக்குப் பாடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாக உடைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித்தாள்களைச் செய்யும். பிறகு டெஸ்ட். விடைகளை விடைப்பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். 80 சதவீதம் சரியாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். எப்படி அந்த விடை வந்தது என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. கணக்கு என்றால் பட்டியலில் இருக்கும் விடையைத் தேடிப் பிடிப்பது என்று அந்தப் பையன் முடிவு கட்டிவிட்டான். அவன் சோம்பேறி இல்லை, அவன் ஆசிரியரும் அலட்சியக்காரர் இல்லை. ‘அறிவு என்பது சரியான சிறு விடைகளின் தொகுப்பு’ என்ற நம்பிக்கையின் மேல் அந்தத் திட்டம் முழுவதும் எழுந்திருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் கல்வித் தத்துவம் என்கிறோம்.

பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடமாகவே பலருக்கு அது நின்றுவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. தத்துவத்தை மறந்தாலும் அது வகுப்பறையை விட்டுப் போவதில்லை. நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள், தவறான விடை வந்தால் என்ன செய்கிறீர்கள், எதற்கு மார்க் போடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றையும் அது முடிவு செய்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டுரை அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதற்கான வழி. ஒரு நோட்டு, ஒலிப்பதிவு செய்யும் ஒரு ஃபோன், அடுத்த வாரம் நீங்கள் நடத்தப்போகும் ஏதாவது ஒரு பாடம். இவை போதும்.

முதல் படி: உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேளுங்கள்

“எனக்கு அப்படித் தத்துவம் எல்லாம் கிடையாது, பாடத்தை நடத்துகிறேன்” என்று சொல்கிறவரிடமும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது அவருக்குப் பாடம் நடத்தியவர்களிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன், அனுமதி பெற்று உங்கள் வகுப்பை ஒரு பீரியட் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் நிதானமாகக் கேட்டு மூன்றே விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒரு விநாடியில் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லலாம், யோசிக்க முடியாது. ஒரு விநாடி மட்டும் காத்திருக்கிறவர், வாயால் என்ன சொன்னாலும், நினைவாற்றலைத்தான் கல்வி என்று நம்புகிறார்.

இரண்டாவது, தவறான விடை வந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் என்ன? “தப்பு, அடுத்து யார்?” என்பது ஒரு தத்துவம். “எப்படி யோசித்தாய், சொல்” என்பது இன்னொன்று. “மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்பது மூன்றாவது. “புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது, பார்” என்பது நான்காவது.

மூன்றாவது, அந்தப் பீரியடில் மாணவர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை எண்ணுங்கள். “டீச்சர், இதை எழுதிக்கணுமா?” என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த மூன்றையும் தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். கடைசிப் படியில் இது மறுபடி தேவைப்படும்.

இரண்டாம் படி: பெரிய பார்வைகளைப் பிரித்துப் படியுங்கள்

பாடநூல்களில் ‘வாதங்கள்’ வரிசையாக வரும்: இலட்சியவாதம், இயற்கைவாதம், நடத்தைவாதம் என்று. பெயர்களை மனப்பாடம் செய்தால் வகுப்பறையில் ஒன்றும் உதவாது. ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அறிவு எங்கே இருக்கிறது? கற்கிறவர் எப்படிப்பட்டவர்? ஆசிரியரின் வேலை என்ன? இதெல்லாம் எதற்காக?

முதல் கேள்விக்கு “முன்னோர் எழுதி வைத்ததில் இருக்கிறது” என்று பதில் சொல்கிறவர்கள் ஒரு பக்கம். காலத்தால் அழியாத நூல்களை எல்லோரும் படித்து விவாதிக்க வேண்டும் என்றார்கள் அமெரிக்காவில் ராபர்ட் ஹட்சின்ஸ், மார்ட்டிமர் ஆட்லர் போன்றவர்கள். 1938இல் வில்லியம் பேக்லி முன்வைத்த சாராம்சவாதம் இன்னும் நேரடியானது. எழுத்து, எண், வரலாறு, அறிவியல் ஆகியவற்றின் அடிப்படைகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒழுங்காகச் சொல்லிக் கொடு என்பது அதன் சாரம். இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது இப்போது எளிது. ஆனால் வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு அந்த அடிப்படைகள் பள்ளியில் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் குழந்தையிலிருந்து தொடங்குகிறவர்கள். 1762இல் ரூசோ தொடங்கிவைத்த இந்த வழியில்தான் மழலையர் பள்ளியை உருவாக்கிய ஃப்ரோபெலும், 1907இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியும் வருகிறார்கள். இவர்களிடம் நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றே ஒன்று. பொருள்களைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, ஆசிரியர் கொஞ்ச நேரம் விலகி நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் சற்று அதிக நேரம் செலவிடுங்கள். 1896இல் சிகாகோவில் அவர் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். சமையல், தச்சு, நெசவு எல்லாம் அங்கே பாடங்கள். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம் பருத்தியையும் கம்பளியையும் கொடுத்தார்கள். ஒரு குழு 30 நிமிடம் உட்கார்ந்து பருத்தியிலிருந்து விதையைப் பிரித்தெடுத்தது. கிடைத்த பஞ்சு ஓர் அவுன்ஸ்கூட இல்லை. ஒரு காலத்தில் தங்கள் முன்னோர் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தியது ஏன் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் விரல்களுக்கே அது தெரிந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் வரலாறு, தாவரவியல், பொருளாதாரம், இயந்திரவியல் எல்லாம் வந்துவிட்டன. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைக்கச் சொன்ன காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டமும் (வார்தா, 1937) இதே திசையில் யோசித்ததுதான்.

டூயியைப் படிக்கிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. 1938இல், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்த சில பள்ளிகளைப் பார்த்தபின், அவர் ஒரு சிறு நூல் எழுதினார். எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதைத் தடுக்கக்கூடச் செய்யும் என்றார். ‘பழையது அல்லது புதியது’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் போக்கையே அந்த நூலின் தொடக்கத்தில் மறுத்தார். “செய்து கற்றல்” என்று சொல்லிவிட்டு நோக்கமில்லாமல் வெட்டி ஒட்ட வைக்கும் வகுப்புகளுக்கு அவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

அப்புறம் நடத்தைவாத உளவியலாளர் ஸ்கின்னர். 1953இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஒரே கணக்கைச் செய்துகொண்டிருந்தார்கள். தன் விடை சரியா தவறா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும். அது அவரை மிகவும் பாதித்தது, உடனுக்குடன் விடையைச் சரிபார்க்கும் கற்பித்தல் இயந்திரம் ஒன்றைச் செய்தார். சிறிய படிகள், உடனடித் திருத்தம், போதுமான பயிற்சி. இந்த மூன்றும் இன்றைக்கும் செல்லுபடியாகும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த பையனைக் கைவிட்டதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு திட்டம்தான். உடனடித் திருத்தம் விடைக்குக் கிடைத்தது, அவன் யோசனைக்குக் கிடைக்கவில்லை.

பியாஜே, வைகோட்ஸ்கி இருவரும் 1896இல் பிறந்த உளவியலாளர்கள். குழந்தை அறிவைப் பெற்றுக்கொள்வதில்லை, கட்டுகிறது என்றார் பியாஜே. அதைத் தனியாகக் கட்டுவதில்லை, தன்னைவிட ஒரு படி கூடுதலாகத் தெரிந்தவரோடு பேசிப் பேசிக் கட்டுகிறது என்றார் வைகோட்ஸ்கி. 37 வயதில் இறந்துவிட்ட அவர் விட்டுச்சென்ற முக்கியமான கருத்து, பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடையிலான தூரம். நீங்கள் பாடம் நடத்த வேண்டிய இடம் அதுதான். 1976இல் உட், புரூனர், ராஸ் ஆகியோர் இந்த உதவிக்குக் கட்டடச் சாரத்தை உவமை சொன்னார்கள். சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நன்னூல் நினைவுக்கு வரும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு. தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு. உங்கள் பீரியடில் இந்த மூன்றுக்கும் நேரம் எப்படிப் பிரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்த நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியராகாதவரின் இயல்புகளும் வருகின்றன. அதில் பருத்திக் குண்டிகை என்ற உவமை என்னை விடாது. சிறு வாய்க் குடுவையில் பஞ்சை அடைப்பது போல், கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுப்பது. திணித்ததைப் பிடுங்கும் தேர்வுகளை எழுதிய எவருக்கும் அந்தக் குடுவையைத் தெரியும்.

கடைசியாகக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரம் என்ற அளவில் எழுத்தறிவு கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்கினார். ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவர் வெறும் பெட்டி என்ற முறைக்கு அவர் ‘வங்கி முறைக் கல்வி’ என்று பெயர் வைத்தார். “எதற்காக?” என்ற நான்காவது கேள்விக்கு இவர் அளவுக்கு அழுத்தமாகப் பதில் சொன்னவர்கள் குறைவு. படிக்கிறவர் தன் உலகத்தைக் கேள்வி கேட்டு மாற்றத்தான் படிக்கிறார் என்பது அவர் பதில்.

மூன்றாம் படி: இதைச் சொல்ல வேண்டுமா, கண்டுபிடிக்க விட வேண்டுமா?

எனக்குத் தெரிந்தவரை புதிய ஆசிரியருக்கு மிகவும் பயன்படுவது இந்தப் படிதான். ஒரே தத்துவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பாடத்துக்கும் போர்த்தப் பார்க்காதீர்கள். நாளைய பாடத்தில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் எடுத்து, மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட மரபா, அல்லது காரணத்தால் வந்தே தீர வேண்டிய முடிவா என்று கேளுங்கள். டேவ் ஹியூவிட் என்ற கணிதக் கல்வியாளர் 1999இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக எழுதினார். கணிதத்துக்காகச் சொன்னது, எல்லாப் பாடத்துக்கும் பொருந்துகிறது.

சோடியத்துக்கு Na என்று குறியீடு. எந்தப் பிள்ளையும் யோசித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்பதும் அப்படியே. ஒரு சொல்லில் றகரம் வருமா ரகரம் வருமா என்பதும், நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள் என்பதும் மரபு. இவற்றை நேராகச் சொல்லிவிடுங்கள். “என்னவாக இருக்கும், யோசியுங்கள்” என்று வகுப்பைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால், பிள்ளைகள் உங்கள் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் விளையாட்டைத்தான் கற்பார்கள். சொல்லிவிட்டு, மறக்காமலிருக்கப் பயிற்சி கொடுங்கள். இங்கே பேக்லியும் ஸ்கின்னரும்தான் உங்களுக்குத் துணை.

இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண்ணே வரும் என்பது வேறு வகை. எந்த வட்டத்தை எடுத்தாலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஒரே எண்ணே கிடைக்கும் என்பதும் அப்படியே. அந்த எண்ணுக்கு π என்ற எழுத்தை நீங்கள் சொல்லித்தர வேண்டும். எண் மாறாது என்பதைக் கயிறும் அளவுகோலும் சொல்லித்தரும். இப்படிப்பட்ட இடத்தில் முன்கூட்டியே விடையைச் சொல்லிவிட்டால், பிள்ளைக்குச் சொந்தமாக வந்திருக்க வேண்டிய ஒன்று உங்களுடையதாகவே நின்றுவிடும்.

பாடக்குறிப்பின் ஓரத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே ‘சொ’ (சொல்லிவிடுவது) அல்லது ‘க’ (கண்டுபிடிக்க விடுவது) என்று எழுதிப் பழகுங்கள். முதல் வாரம் அரை மணி நேரம் பிடிக்கும். பிறகு கை தானாக எழுதும்.

நான்காம் படி: உங்கள் பாடத்தின் குணத்தோடு பொருத்துங்கள்

கணிதம். முக்கோணத்தின் பரப்பளவை எடுத்துக்கொள்வோம். சாராம்சவாதி சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, நான்கு கணக்குகளைச் செய்துகாட்டி, இருபது கணக்குகளை ஹோம்வொர்க்காகத் தருவார். கட்டமைப்புவாதி, அதாவது பிள்ளை அறிவைத் தானே கட்டுகிறது என்ற பியாஜேயின் வழியில் வருகிறவர், ஒரே மாதிரி வெட்டிய இரண்டு முக்கோணங்களைக் கையில் கொடுத்து, “இவற்றைச் சேர்த்து உங்களுக்குப் பரப்பளவு தெரிந்த ஒரு உருவம் வருமா?” என்று கேட்பார். இணைகரம் வரும். பாதி என்பது எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கையால் அறியும். என் முடிவு: இரண்டாவதில் தொடங்குங்கள், முதலாவதன் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். காரணம் புரிந்தும் கை ஓடாத பிள்ளை அடுத்த பாடத்தில் திணறும்.

‘கண்டுபிடிக்க விடுவது’ என்றால் கைவிடுவது என்று நான் ஒரு வருடம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று குழுவாக யோசிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டேன். நாற்பது நிமிடம் போயிற்று. இரண்டு பேர் முன்பே கேள்விப்பட்ட விதியைச் சொன்னார்கள், மற்றவர்கள் வெறுத்துப்போனார்கள். அடுத்த வருடம் பலகையில் ஒரு வரிசை மட்டும் எழுதினேன். 3×(−2)=−6, 2×(−2)=−4, 1×(−2)=−2, 0×(−2)=0. “வலப்பக்கம் ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது? அடுத்த வரி என்ன?” பத்து நிமிடத்துக்குள் (−1)×(−2)=2 என்று வகுப்பே சொன்னது. முதல் வருடம் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டது அந்த நான்கு வரிகள்தான்.

அறிவியல். இங்கே பிள்ளைகள் வெறும் பலகையாக வருவதில்லை, சொந்தமான விளக்கங்களோடு வருகிறார்கள். மேலே எறிந்த பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்ன விசை செயல்படுகிறது என்று கேளுங்கள். கை கொடுத்த விசை இன்னும் அதற்குள் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால் இருப்பது புவியீர்ப்பு மட்டுமே. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் இப்படிப்பட்ட எளிய கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தார். “நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, இல்லை நான் வழக்கமாக யோசிக்கிறபடி எழுதவா?” என்று ஒரு மாணவர் கேட்டாராம். பரீட்சைக்கு ஒரு இயற்பியல், மனத்துக்கு இன்னொன்று! அதன்பின் அவர் விரிவுரையைக் குறைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக விடை சொன்னபின் பக்கத்தில் இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்லும் முறைக்கு மாறினார். பவணந்தியின் அரைப் பங்கு இது. நீங்களும் நாளையே இதைச் செய்து பார்க்கலாம், ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம்.

மொழியும் இலக்கியமும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் ஒழுங்கான வரிசையில், நேராகச் சொல்லிக்கொடுங்கள். இதில் கண்டுபிடிப்புக்குப் பெரிய இடம் கிடையாது. கவிதைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிவிடும். வாசகருக்கும் பனுவலுக்கும் இடையே நடக்கும் சந்திப்பில்தான் பொருள் பிறக்கிறது என்று லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே வாதிட்டார். ஒரு சங்கப் பாடலை நடத்துகிறீர்கள் என்றால் திணை, துறை, அரிய சொற்களின் பொருள் எல்லாம் ‘சொ’. அந்தத் தலைவி இதை ஏன் தோழியிடம் சொல்கிறாள், ஏன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள் என்பது ‘க’. பல வகுப்புகளில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. அரிய சொல்லின் பொருளை ஊகிக்கச் சொல்கிறோம், பாடலின் உணர்வை நோட்ஸாக எழுதிப் போடுகிறோம். இதை மாற்றுவதற்காகவே ஒரு ஆசிரியர் தத்துவம் படிக்கலாம்.

வரலாறு. ஆண்டுகளையும் பெயர்களையும் கேலி செய்வது சுலபம். எது முன், எது பின் என்று தெரியாதவரால் காரணத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால் கால வரிசையைக் கற்றுக்கொடுங்கள். அதோடு நிறுத்தினால் மாணவர் கையில் கிடைப்பது யாரோ முடித்துவைத்த கதை. சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று முதலில் பார்த்தார்கள். மாணவர்கள் பலர் பாடப்புத்தகம் போல மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனார்கள். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எதிரெதிரான இரண்டு பேர் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். “யார் சொல்வது சரி?” என்பதற்கு முன் “இவர் ஏன் இப்படிச் சொல்கிறார்?” என்று கேளுங்கள். இதைத் தொடர்ந்து செய்தால் ஃபிரெய்ரேயின் நான்காவது கேள்வி தானாக வகுப்புக்குள் வந்துவிடும்.

இசை, விளையாட்டு, கைவேலை போன்றவற்றில் செய்துகாட்டுவதும் திரும்பத் திரும்பச் செய்வதும் தவிர்க்க முடியாதவை. கணினி நிரலாக்கத்துக்குப் பியாஜேயோடு பணியாற்றிய சீமோர் பேப்பர்ட்டைத் தேடிப் படியுங்கள். பிழையைக் குற்றமாகப் பார்க்காமல், தேடித் திருத்த வேண்டிய ஒன்றாகப் பார்க்கும் பழக்கத்தை அந்த வகுப்பிலிருந்து மற்றப் பாடங்களுக்கும் கொண்டுபோகலாம்.

ஐந்தாம் படி: மாணவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள்

ஒரே பாடம், ஒரே கருத்து, ஆனால் வேறு வேறு பிள்ளைகள். ஒரு துறைக்குப் புதிதாக வருகிறவருக்கு, முழுதாகத் தீர்த்துக் காட்டிய உதாரணங்களைப் படிப்பது தானாகத் தட்டுத்தடுமாறித் தேடுவதைவிட நன்றாக உதவுகிறது என்று உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவரைத் தொடர்ந்தவர்களும் காட்டினார்கள். ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஓரளவு தேறியபின் அதே உதாரணங்கள் தடையாகிவிடுகின்றன என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே முதல் கணக்கை முழுதாகச் செய்துகாட்டுங்கள். இரண்டாவதில் கடைசி வரியை மட்டும் பிள்ளை எழுதட்டும். மூன்றாவதில் பாதியை விடுங்கள், நான்காவதில் எதையும் காட்டாதீர்கள். சாரத்தைப் பிரிப்பது என்பது நடைமுறையில் இவ்வளவுதான்.

ஆறாம் படி: வினாத்தாளை எடுத்து மேசையில் வையுங்கள்

உங்கள் தத்துவத்தை மாணவர்கள் தெரிந்துகொள்வது உங்கள் பேச்சிலிருந்து இல்லை, வினாத்தாளிலிருந்து. காகிதம் வெட்டிப் பரப்பளவைக் கண்டுபிடித்த வகுப்புக்குப் “பரப்பளவின் சூத்திரத்தை எழுதுக” என்று மட்டும் கேள்வி வைத்தால், அடுத்த முறை கத்தரிக்கோலை நீட்டும்போது கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும், “இது டெஸ்ட்ல வருமா?” அந்தப் பிள்ளைமேல் கோபப்பட்டுப் பயனில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததை அது சரியாகக் கற்றிருக்கிறது.

பொதுத்தேர்வு உங்கள் கையில் இல்லாமலிருக்கலாம். வகுப்புத் தேர்வு உங்களுடையதுதான். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு கேள்வியை மாற்றுங்கள். தொடக்கத்தில் வந்த பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். “5/10 = 1.5 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஏன் சரியாக இருக்க முடியாது என்று அவருக்கு விளக்கி எழுதுங்கள்.” வரலாற்றில், “இந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்று தெரிந்தபின் இதில் எந்த வரியைக் குறைவாக நம்புவீர்கள், ஏன்?” திருத்த அதிக நேரம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு விடையில் நீங்கள் பிள்ளையின் மனத்தைப் பார்த்துவிடுகிறீர்கள். மற்ற பத்து விடைகளில் அது கிடைக்காது.

ஏழாம் படி: அரைப் பக்கம் எழுதுங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள் என்பதற்காக அலங்காரமாக எழுத வேண்டாம். ‘மாணவர் மையக் கல்வியில் நம்பிக்கை கொண்டுள்ளேன்’ என்ற வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதிலிருந்து எதுவும் தெரியாது. திங்கட்கிழமை வகுப்பில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். உதாரணமாக:

“என் வகுப்பில் தவறான விடை வந்தால், சரியான விடையைச் சொல்வதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேட்பேன். குறியீடுகளையும் பெயர்களையும் நானே சொல்வேன். காரணங்களைப் பிள்ளைகள் சொல்லும்வரை காத்திருப்பேன், ஆனால் அவர்கள் காரணத்தை அடைவதற்கான படிகளை முன்கூட்டியே அமைத்துத் தருவேன். ஒவ்வொரு பீரியடிலும் ஐந்து நிமிடமாவது ஒருவர் மற்றவருக்கு விளக்கும் நேரம் இருக்கும்.”

இவ்வளவு போதும். இதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் மறுபடி ஒரு பீரியடை ஒலிப்பதிவு செய்து, அதே மூன்றைக் குறியுங்கள்: எத்தனை விநாடி காத்திருந்தீர்கள், தவறான விடைக்கு முதல் சொல் என்ன, பிள்ளைகள் எத்தனை கேள்வி கேட்டார்கள். பழைய பக்கத்தைத் திருப்பி ஒப்பிடுங்கள். அரைப் பக்கத்தில் எழுதியிருந்தும் பதிவில் கேட்காத வரிகளை அடிக்கோடிட்டு, அவற்றில் ஒன்றே ஒன்றை அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.